விசைப்படகுகள் கரையில் நிற்கும் மாதங்கள்: வாசகர் கேள்வி பதில்

கடற்கரை ஊர்களின் கோடைகாலப் பாதுகாப்பு பற்றியும் அதில் போலீசின் வேலை பற்றியும் கேள்வி அனுப்புங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குமரி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து. பதில் எழுதும் நான் 31 வருடம் காவல்துறையில் இருந்து சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன். அதில் 14 வருடம் கடலோர ஸ்டேஷன்களில்தான் கழிந்தது. எல்லாக் கடிதத்துக்கும் இங்கே இடமில்லை. அவசரமானவற்றை முதலில் எடுத்துக்கொண்டேன்.

பங்குனி, சித்திரையில் கடல் குளம் மாதிரி கிடக்கிறது. புயல் இல்லை, மழை இல்லை. ஆனால் அந்த நேரத்தில்தான் எங்கள் ஊருக்குப் போலீஸ் ஜீப் அடிக்கடி வருகிறது. ஏன் சார்?
*கல்லூரி மாணவர், மணப்பாடு*

கடல் அமைதியாக இருக்கலாம் தம்பி, கரை அப்படி இருப்பதில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-லிருந்து இப்படி. விசைப்படகு எல்லாம் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும். பேட்டரி, டீசல், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் ஆள் இல்லாமல் கிடக்கும். சம்பாதித்துப் பழகின ஆம்பிளைகள் இரண்டு மாதம் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். பரீட்சை முடிந்து பிள்ளைகள் தெருவில், ஊருக்கு ஊர் கோயில் கொடைத் திருவிழா, வெளியூர்க்காரர்கள் கார் பிடித்துக் கடல் பார்க்க வருவார்கள், உள்ளூர்க்காரர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு மாமனார் வீட்டுக்குப் போவார்கள். வருடத்தில் மற்ற மாதங்களில் ஒவ்வொன்றாக வருவது இந்த இரண்டு மாதத்தில் மொத்தமாக வந்து சேரும், ஸ்டேஷனில் ஆள் மட்டும் அதே ஆள்தான்.

குமரி மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரலில் தடை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் ஒரு கரை ஓய்ந்திருக்கும்போது அடுத்த கரை தொழிலுக்குப் போகும். யார் எந்தக் கடலில் வலை போடுகிறார்கள் என்று வாய்த்தகராறு வந்தால் மீன்துறை அதிகாரியோடு போலீசும் போய் நிற்க வேண்டும்.

பூட்டிய வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஊருக்குப் போகும் தேதியை ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள். ராத்திரி ரோந்து போகிறவர் பட்டா புத்தகத்தில், அதாவது ரோந்து நோட்டில், கையெழுத்துப் போடும் வழியில் உங்கள் தெருவையும் சேர்த்துக்கொள்வார். யாரிடமும் சொல்லாமல் போகிறவர்களும், பேஸ்புக்கில் குடும்பத்தோடு கொடைக்கானல் படம் போடுகிறவர்களும்தான் திரும்பி வந்து அழுகிறார்கள்.

மே மாதம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குமரிக் கடற்கரைகளுக்கு வரலாம் என்றிருக்கிறோம். அங்கே கடலில் இறங்கவே போலீஸ் விடுவதில்லை என்று நண்பர் சொல்கிறார். காசு செலவழித்து வந்து காலை நனைக்கக்கூட முடியாதா?
*குடும்பத் தலைவர், மதுரை*

வாருங்கள். ஆனால் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி செய்தியில் ஒன்றைப் பாருங்கள்: கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று. ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், இன்காய்ஸ் என்பார்கள், அவர்கள்தான் அதைக் கொடுக்கிறார்கள்.

கள்ளக்கடல் என்பது நம் தென்கோடிக் கரையிலும் கேரளத்திலும் மீனவர்கள் வைத்த பெயர். கள்ளன் மாதிரி சொல்லாமல் வருவதால் அந்தப் பேர். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், இங்கிருந்து பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்புயல் அடிக்கும். அங்கே எழும்பின அலை சில நாள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும், காற்றே இருக்காது, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஏப்ரல், மே மாதங்களில்தான் இது அதிகம். கரையில் நிற்கிறவர் எப்படித் தெரிந்துகொள்வது? வள்ளக்காரர்களை, அதாவது நாட்டுப்படகுக்காரர்களைப் பாருங்கள். அவர்கள் வள்ளத்தை வழக்கமான இடத்திலிருந்து இன்னும் மேலே, தென்னை மூட்டுவரை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் தண்ணீர்ப் பக்கமே போக வேண்டாம்.

2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 பயிற்சி மருத்துவர்கள் அலையில் போனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்திருந்த நாட்கள் அவை. ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்கள், எல்லாருக்கும் இருபது சொச்சம் வயது. அதற்கு அப்புறம் எச்சரிக்கை நாளில் ஒரு போலீஸ்காரர் விசில் ஊதி "மேலே வாங்க" என்று கத்தினால் எனக்கு அவர் சத்தம் போதாதென்றுதான் தோன்றுகிறது.

குமரிக் கரை மட்டும் 70 கிலோமீட்டருக்கு மேல். மெயின் பாதையில் கயிறு கட்டலாம், ஆள் போடலாம். தோப்புக்குள் போகும் ஒற்றையடிப் பாதை எத்தனை? வழி கேட்கும் வெளியூர்ப் பையன்களுக்கு "அந்தப் பக்கமா இறங்கிப் போ, அங்கே போலீஸ் இல்லை" என்று சொல்லும் உள்ளூர்க்காரர் இருக்கும்வரை கயிறு கட்டிப் புண்ணியமில்லை. கோபமாகத்தான் எழுதுகிறேன்.

சாதாரண நாளிலும் ஒன்று கவனியுங்கள். அலை உடைந்து நுரைக்கும் இடம் ஆபத்து, நடுவில் நுரையில்லாமல் கொஞ்சம் கறுப்பாக, அமைதியாகத் தெரியும் இடம் பத்திரம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பல நேரம் நேர்மாறு. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குள் ஓடும் வாய்க்கால் அதுதான். கழுத்தளவில் நிற்கிறவரை அப்படியே உள்ளே இழுத்துவிடும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது, கை ஓய்ந்துபோகும். கரையை ஒட்டிப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகின பிறகு திரும்ப வேண்டும். வெளியே நிற்கிறவர் குதிக்கக் கூடாது. மூடி போட்ட காலி கேன், கயிறு, எது மிதக்குமோ அதை எறியுங்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் மூன்று பேர் போன வீடுகளுக்கு நான் விசாரணைக்குப் போயிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். திரும்புகிற நேரம் தப்பினால் எவ்வளவு நேரம் பொறுத்துப் போலீசுக்குச் சொல்ல வேண்டும்? 24 மணி நேரம் ஆனால்தான் புகார் எடுப்பார்கள் என்று மாமியார் சொல்கிறார்கள்.
*வாசகி, ராஜாக்கமங்கலம் துறை*

அப்படி ஒரு சட்டமே இல்லை தங்கச்சி. ஆள் காணவில்லை என்று சொல்ல ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. கடல் விஷயத்தில் காத்திருந்தால் படகு நீரோட்டத்தோடு எங்கோ போய்விடும், தேட வேண்டிய பரப்பும் மணிக்கு மணி கூடிக்கொண்டே போகும்.

என் பணிக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்டேஷன் பேர் வேண்டாம். ஒரு சித்திரை மாதம், நாங்கள் முக்கால்வாசிப் பேர் கொடை பந்தோபஸ்தில் இருந்தோம். சாயங்காலம் 4 மணிக்கு ஒரு பெண் வந்து, காலை 10 மணிக்குத் திரும்ப வேண்டிய வள்ளம் இன்னும் வரவில்லை என்றிருக்கிறார். ஸ்டேஷன் வாசலில் பாரா காவலில் இருந்தவர், "மீன் பட்டிருக்கும்மா, ராத்திரிக்குள்ள வந்துருவாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கெட்ட மனசில்லை, அவருக்கு அப்படித்தான் பட்டது. எழுதி வைக்கவில்லை, யாருக்கும் தகவல் போகவில்லை. மறுநாள் மத்தியானம் அவருடைய கொழுந்தன்மாரே இரண்டு வள்ளம் எடுத்துப் போய்த் தேடிப் பிடித்தார்கள். என்ஜின் படுத்து, மூன்று பேரும் வெயிலில் மிதந்திருக்கிறார்கள். குடிதண்ணீர் கேனை வெட்டி அதை வைத்துத் துடுப்புப் போட்டிருக்கிறார்கள். பெரியவருக்கு நினைவே இல்லை, ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்து பிழைத்தார். அந்தப் பெண் பிறகு ஸ்டேஷனுக்கு வந்தார், சண்டை போடவில்லை. அதே பாராக்காரர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார், போய்விட்டார். அன்றைக்கு டியூட்டியில் இருந்த எங்கள் எல்லாருக்கும் அது பட்டது.

அதனால், வழக்கமான நேரம் தாண்டி உங்கள் மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்ததும் போன் போடுங்கள். மரைன் போலீஸ் என்கிற கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554. இரண்டும் காசில்லாத எண்கள். இரண்டுக்குமே சொல்லலாம், தப்பில்லை. பிறகு அவர் கரைக்கு வந்துவிட்டால் "வந்துட்டாங்க" என்று மறுபடி சொல்லிவிட்டால் போதும். வீணாக அலைய வைத்தாய் என்று யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: படகின் பதிவு எண், என்ன நிறம், எத்தனை பேர், எல்லார் போன் நம்பரும், எத்தனை குதிரைசக்தி என்ஜின், எத்தனை லிட்டர் மண்ணெண்ணெய், எத்தனை மணிக்கு எந்தப் பாடு (மீன் பிடிக்கும் இடம்) பார்த்துப் போனார்கள், பக்கத்தில் யார் படகு போனது. பதற்றத்தில் இது எதுவும் வாயில் வராது. தேடுகிறவனுக்கு இதுதான் வேண்டும்.

கடலுக்குப் போகும்போதும் வரும்போதும் மரைன் போலீஸ் ஆதார், மீனவர் அடையாள அட்டை எல்லாம் கேட்கிறார்கள். பாட்டன் காலத்திலிருந்து தொழில் செய்யும் கடலில் எங்களைத் திருடன் மாதிரி நிறுத்திக் கேட்பது நியாயமா?
*மீனவர், பாம்பன்*

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது அண்ணாச்சி, கேட்கிற முறையில் தப்பு நடக்கிறது. வயதில் மூத்தவரை "எங்கடா கார்டு" என்று கேட்கும் சின்னப் பையனை நானே கண்டித்திருக்கிறேன். ஆனால் சோதனை ஏன் வந்தது என்பதையும் பாருங்கள். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் குஜராத் மீன்பிடிப் படகு ஒன்றை, குபேர் என்று பெயர், நடுக்கடலில் பிடித்துக்கொண்டுதான் வந்தார்கள். அதில் இருந்த தொழிலாளிகளைக் கொன்றுவிட்டார்கள். அவர்கள் கரையேறியது ஒரு மீனவர் குடியிருப்புப் பக்கம். அந்தப் பத்துப் பேரையும் முதலில் கண்ணால் பார்த்ததும் மீனவக் குடும்பங்கள்தான்.

தமிழ்நாட்டில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994-லேயே வந்துவிட்டது, மும்பைக்கு அப்புறம் அது பெருகி இப்போது 42 கடலோரக் காவல் நிலையங்கள். கரையிலிருந்து 12 கடல் மைல்வரை அவர்கள் பொறுப்பு. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரையை 42 ஸ்டேஷன் எப்படிப் பார்க்கும்? பார்க்க முடியாது. வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும் சாகர் கவச் ஒத்திகையில் போலீஸ்காரர்களே தீவிரவாதி வேஷத்தில் படகில் வந்து கரையேறப் பார்ப்பார்கள் இல்லையா, அதில் அவர்கள் பிடிபடும் இடங்களைக் கவனித்திருக்கிறேன். பாதி இடத்தில் பிடித்துக் கொடுத்தது வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவராக இருப்பார். "இந்தப் பயலுவளுக்கு வள்ளத்திலிருந்து இறங்கத் தெரியல" என்று அவர் கண்டுபிடித்திருப்பார். அந்தக் கண் எங்களுக்கு இல்லை. மீனவர் வீட்டுப் பிள்ளைகளைக் கடலோர ஊர்க்காவல் படைக்கு எடுப்பதும் அதனால்தான். உங்கள் ஊர்ப் பையன் கார்டு கேட்டால் "மாமா, அட்டையைக் காட்டுங்க" என்று கேட்பான்.

தடைக்காலத்தில் வாங்கின கடனுக்கு வாரா வாரம் வந்து வட்டி வாங்குகிறார்கள். போன வாரம் என்ஜினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடன் வாங்கினது நாங்கள்தானே, போலீசிடம் எப்படிப் போவது?
*பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்*

தைரியமாகப் போகலாம் அம்மா. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் 61 நாளுக்கு எந்த மூலைக்குக் காணும் என்று உங்களுக்கே தெரியும். அந்த இடைவெளியில்தான் இவர்கள் வருகிறார்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல், ரன் வட்டி, பேர் எதுவானாலும் தமிழ்நாட்டில் 2003-லிருந்து இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 3 வருடம்வரை சிறை, 30,000 ரூபாய்வரை அபராதம். கடன் வாங்கினது குற்றமில்லை. என்ஜினைத் தூக்கிப்போக அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

என்ஜின் நம்பர், வாங்கின பில், எப்போது எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற கணக்கு, ஜிபே மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். புகார் கொடுத்ததும் அதை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள், வாங்காமல் படி இறங்காதீர்கள். உள்ளூர் ஸ்டேஷனில் அந்த ஆளுக்குப் பழக்கம் இருக்கிறது என்று பயந்தால் எஸ்.பி. அலுவலகத்தில் மனு நாள் உண்டு, நேரே போகலாம். ஊர்க் கமிட்டியில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்பார்கள். பேசட்டும், என்ஜின் திரும்பி வந்த பிறகு பேசட்டும்.

எங்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போலீஸ் ஆயிரம் நிபந்தனை போடுகிறது. சப்பரம் உயரம், போகிற தெரு, மைக் நேரம். சாமி காரியத்தில் எதற்கு இவ்வளவு?
*விழாக்குழு உறுப்பினர், வேதாரண்யம் அருகே*

2022 ஏப்ரல் 27, விடியற்காலம், தஞ்சாவூர் பக்கம் களிமேடு. அப்பர் சதய விழாத் தேர் உயர்மின் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள், அதில் பிள்ளைகளும் உண்டு. அந்த ஊரும் உங்கள் ஊர் மாதிரிதான், வருடா வருடம் அதே தெருவில் இழுத்த தேர்தான்.

ரோடு போடும்போது மேலே மேலே போட்டு ஒரு அடி உயர்ந்திருக்கும், கம்பி கோடையில் தொய்ந்திருக்கும், இந்த வருடம் அலங்காரத்தை இரண்டடி கூட்டியிருப்பீர்கள். மூன்றையும் சேர்த்து யாரும் அளந்து பார்ப்பதில்லை. மின்வாரியத்துக்கு எழுத்தில் கொடுத்து, சப்பரம் தெருவுக்குள் நுழையும் முன்னால் லைனை நிறுத்தச் சொல்லுங்கள். மூங்கிலால் கம்பியைத் தூக்கிப்பிடிக்கும் வேலை வேண்டவே வேண்டாம், கடற்கரை ஊர்களில் பனியும் உப்பும் ஏறி மூங்கில் ஈரமாகவே இருக்கும். மைக் ராத்திரி 10 மணிக்கு நிற்க வேண்டும் என்பது போலீஸ் உண்டாக்கினதில்லை, 2000-ஆம் வருட ஒலி மாசு விதி.

17 வயது மகன் லீவில் அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு ஈ.சி.ஆரில் சுற்றுகிறான். பிடித்தால் அபராதம் எவ்வளவு?
*வாசகி, மரக்காணம்*

25,000 ரூபாய், பைக் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கும் பெற்றோருக்கும் 3 வருடம்வரை சிறை, வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்து, பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. சாவியை இன்றைக்கே வாங்கி வையுங்கள்.

கடற்கரையில் ஒதுங்கும் பொட்டலம், டப்பா, பீப்பாய்களைப் பிள்ளைகள் எடுத்து வந்துவிடுகிறார்கள். எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது?
*ஆசிரியை, கன்னியாகுமரி மாவட்டம்*

எதையும் எடுக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லிவிடுங்கள் டீச்சர். 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. 640 கண்டெய்னர், அதில் 13-ல் ஆபத்தான சரக்கு. தண்ணீர் பட்டால் எரிவாயு கிளப்பும் கால்சியம் கார்பைடும் இருந்தது. சில நாளில் நம் குமரிக் கரைக்கு ஜவ்வரிசி மாதிரி வெள்ளை பிளாஸ்டிக் மணிகள் மூட்டை மூட்டையாக வந்து சேர்ந்தன. பிள்ளைகள் அள்ளி விளையாடப் பார்த்தார்கள். அப்புறம், டேப் சுற்றின பார்சல் என்றால் அது கஞ்சாவாகவும் இருக்கலாம். வீட்டுக்குள் கொண்டுவந்தால் எங்கே கிடைத்தது என்று நிரூபிப்பது பெரும்பாடு. தொடாமல், தூரத்திலிருந்து போட்டோ எடுத்து, 1093 அல்லது அவசர எண் 112-க்குச் சொல்லுங்கள்.

என் மகனுக்கு 22 வயது. தடைக்காலத்தில் வேலை இல்லை. ஒரு ராத்திரி படகு ஓட்டினால் கை நிறையக் காசு என்று யாரோ கூப்பிடுகிறார்களாம். என்ன சரக்கு என்று கேட்டால் மஞ்சள்தான், பீடி இலைதான் என்கிறான். போலீசிடம் சொன்னால் அவனையே பிடித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
*தாய், ராமநாதபுரம் மாவட்டம்*

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா.

மஞ்சளும் பீடி இலையும் நாம் கடையில் வாங்குகிற சாமான்தான். ஆனால் ராத்திரியில் இலங்கைக்குக் கள்ளத்தனமாகக் கொண்டுபோனால் சுங்கச் சட்டத்தில் குற்றம். அங்கே அவர்கள் கடற்படை பிடித்தால் அந்த நாட்டுச் சிறை, நம் ஊர் வக்கீல் அங்கே உதவ முடியாது. அதைவிட, மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஓட்டுகிற பையனுக்குக் காட்ட மாட்டார்கள். கடல் அட்டை என்ற கடல் உயிரி இருந்தால் 3 முதல் 7 வருடம் சிறை. 2001-லிருந்து அது பிடிக்கத் தடை செய்யப்பட்ட உயிரினம், யானை, புலி இருக்கும் அதே பட்டியல். போதைப்பொருள் இருந்தால் வாழ்க்கையே போனது. பிடிபடுவது படகில் இருக்கிறவன், சரக்குக்குச் சொந்தக்காரன் கரையில் படுத்துத் தூங்குவான். நான் பார்த்த வழக்குகளில் அநேகமாக இப்படித்தான்.

அவன் இன்னும் போகவில்லை. கூப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கேட்டதற்காக யாரையும் பிடிக்க முடியாது. 1093-க்குப் போன் செய்தால் உங்கள் பேர் சொல்ல வேண்டியதில்லை. மகன் பேரும் வேண்டாம். எந்தக் கரை, எந்த ராத்திரி என்று தெரிந்தால் அதைச் சொன்னால் போதும். ரோந்துப் படகு அந்தப் பக்கம் ஒரு சுற்று வந்தாலே அன்றைக்கு நடை நடக்காது.

இன்னொன்று. மீனவ இளைஞர்களுக்குக் கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலும் சேர இலவசப் பயிற்சியைக் கடலோரப் பாதுகாப்புக் குழுமமே நடத்துகிறது. பிளஸ் டூ முடித்திருந்தால், வயதும் வரம்புக்குள் இருந்தால், பக்கத்து மரைன் ஸ்டேஷனில் அடுத்த பயிற்சி எப்போது என்று விசாரிக்கச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே போங்கள். உங்கள் முழு முகவரி இதழ் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது, வெளியே போகாது. மகன் என்ன சொன்னான் என்று எழுதுங்கள், அடுத்த இதழ் வரும்வரை காத்திருக்காமல் நேரடியாகவே பதில் போடுகிறேன்.